ஊதினால் ஜீரோ

ஜனவரி 19

பொங்கலுக்கு டிராவல்ஸில் ஆளுக்கொரு டைரி கொடுத்தார்கள். போனஸ் கொடுக்க மனம் வராதவர்கள் டைரி கொடுப்பார்கள். முதல் பக்கத்தில் விவரம் கேட்டிருந்தது, நிரப்பினேன். பெயர்: கோவர்த்தனன். வயது: இருபத்தொன்பது. தொழில்: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் பாகம் செய்யும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்கும் கான்ட்ராக்ட் பஸ்ஸின் டிரைவர். கெட்ட பழக்கம் என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் 'இல்லை' என்று பெரிதாக எழுதியிருப்பேன். கேட்கவில்லை. டிரைவர் என்றால் உண்டு என்று அவர்களே வைத்துக்கொள்வார்கள்.

ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் ஒரு வாசகம் அச்சடித்திருக்கிறார்கள். இன்றைக்கு: "பாதுகாப்பே நமது முதல் பயணி." முதல் பயணிக்கு என் வண்டியில் சீட் கிடையாது. நாற்பது பேர் உட்காரும் வண்டியில் அறுபது பேரை அடைக்கிறோம். அவர் படியில் தொங்கிக்கொண்டு வரலாம்.

காலையில் ஷெட்டில் வழக்கம்போல, குடித்திருக்கிறோமா என்று பார்க்கும் ஊதும் மெஷின். சூப்பர்வைசர் ஏழுமலை அண்ணன் அதை என் வாயருகே நீட்டினார். ஊதினேன். ஜீரோ.

"ஜீரோதான் காட்டுது. ஆனா ஆளு ஆடுறியே?"

"யார் சொன்னது?"

"ஏறும்போது கம்பியப் புடிச்சுக்கினு ஏறுனியாம்."

"கம்பிய அதுக்குத்தானே அண்ணா வச்சிருக்கான்?"

மேனேஜர்கள் காரில் வந்து இறங்குகிறார்கள். அவர்கள் வாயில் யாரும் மெஷினை வைப்பதில்லை.

இப்போதெல்லாம் வெறுங்காலில்தான் ஓட்டுகிறேன். செருப்பு கசகசவென்று இருக்கிறது, வெயில். "தை மாசத்துலயா?" என்று கேட்டாள் தமயந்தி. என் மனைவி எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்பாள்.

ஜனவரி 24

டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை. மற்றது பஸ் படியிலேயே கிடந்ததாம். ஷெட்டிலிருந்து அங்கே வரை நடந்து வந்திருக்கிறேன், கவனிக்கவில்லை. வேறு யோசனை.

டீ கிளாஸைத் தூக்கும்போது கை நடுங்கிப் பாதி சட்டையில் கொட்டியது. தணிகாசலம் என் தோளில் கை போட்டான். நிஜமான குடிகாரன் அவன். பதினைந்து வருட அனுபவம். எப்போது நிறுத்தினால் காலையில் மெஷின் காட்டாது என்று அவனுக்குத் தெரியும். எனக்கு மூத்தவன், ஆனால் எல்லோரும் அவனுக்குப் பங்காளிதான்.

"பங்காளி, உண்மையச் சொல்லு. எந்தக் கடைச் சரக்கு? மெஷின்ல காட்டாத சரக்கு எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடேன்."

"நான் குடிக்கிறதில்ல."

"அதத்தான் பங்காளி நானும் என் பொண்டாட்டிகிட்ட சொல்றேன்."

பிப்ரவரி 2

முகத்துக்கு சோப்புப் போட்டுக் கண்ணை மூடினேன். தரை எங்கேயோ போய்விட்டது. சுவரில் நெற்றி மோதிய சத்தத்தில் தமயந்தி ஓடி வந்தாள். தூக்கி உட்கார வைத்தாள். காயத்தைப் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து என் வாயை மோந்து பார்த்தாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் அண்ணன் எனக்குப் பெண் கொடுத்ததே ஒரே ஒரு தகுதிக்காக. சொந்த வீடு இல்லை, பி.காமில் அரியர் இருக்கிறது, கான்ட்ராக்ட் வேலை. ஆனால் மாப்பிள்ளை குடிக்க மாட்டார். எங்கள் தெருவில் அது ஐ.ஏ.எஸ். படித்ததற்குச் சமம்.

எங்கப்பா லாரி ஓட்டினார். குடித்துவிட்டு வந்து வாசற்படியில் தடுக்கி விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே சொல்வார்: "நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்." அதைக் கேட்டு வளர்ந்தவன் அந்தக் கண்றாவியைத் தொடுவேனா?

பிப்ரவரி 11

பெரியாஸ்பத்திரி. நரம்பு ஓ.பி.க்கு முன்னால் கிருஷ்ணாயில் வாங்க நிற்பதுபோல ஒரு கூட்டம். என் வயதுகூட இல்லாத ஒரு டாக்டர், தலையைத் தூக்காமல் கேட்டார்:

"எவ்ளோ நாளா குடிக்கிறீங்க?"

குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை.

"குடிக்கிறதே இல்ல சார்."

"வேலை?"

எனக்கு முன்னால் நின்ற ஆள் டிரைவர் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதைக் கேட்டிருந்தேன். "கம்பெனில பேக்கிங்" என்றேன். அந்த வார்த்தைக்கப்புறம்தான் தலையைத் தூக்கினார். சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் தூக்கவே இல்லை. மறுபடி தட்டினார். பிறகு கரண்ட் வைத்துப் பார்க்கும் டெஸ்டுக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்.

பிப்ரவரி 20

அந்த டெஸ்ட் இன்று.

குளிரும் அறை. டெஸ்ட் எடுக்கும் அக்கா காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெந்நீர்ப் பையை எடுத்துப் பாதத்தில் வைத்தார். "கால் ஜில்லுனு இருந்தா கரண்ட் மெதுவாப் போகும். மெஷின் உங்க மேல பழி போட்டுடும்." மெஷின் பழி போடுவதைப் பற்றி எனக்குத் தெரியாதா? விரலிலும் பாதத்திலும் டேப் போட்டு ஒயர் ஒட்டினார்கள். ரெண்டு முனை இருக்கும் ஒரு கட்டையை மணிக்கட்டில் வைத்து அழுத்தினால் சுளீர். விரல் தானாகத் துள்ளும். திரையில் ஒரு சின்ன மலை எழும்பும். அப்புறம் முழங்கையில். அப்புறம் கணுக்காலில், முழங்காலுக்குப் பின்னால். என் மலைகள் எல்லாம் தாமதமாகத்தான் வந்தன. சிலது வரும்போதே சரிந்துபோய், வயல் வரப்பு மாதிரி.

"கரண்ட் குடுக்குறோம், கால்ல வலிக்கலையா?" என்று கேட்டார் அந்த அக்கா.

"வலிக்கிறது தெரிஞ்சா நான் ஏன்க்கா இங்க வரேன்?"

பெரிய டாக்டர் நஸ்ரின் மேடம் திரையைப் பார்த்தார். நாற்பது வயது இருக்கும். இந்த ஆஸ்பத்திரியில் முதல் தடவையாக ஒருவர் எனக்கு நாற்காலி காட்டினார்.

"எல்லாரும் குடிச்சீங்களான்னு கேட்டாங்களா?"

"எவ்ளோ நாளான்னு கேட்டாங்க மேடம்."

சிரித்தார். "நரம்புல சிக்னல் கோடு போட்ட மாதிரி ஓடாது. தாவித் தாவிப் போகும். பாயின்ட் டு பாயின்ட் பஸ் மாதிரி. பஸ்ல போயிருக்கீங்கல்ல?"

"போயிருக்கேன் மேடம்."

"குடியால நரம்பு கெட்டா, பஸ் எண்ணிக்கை குறைஞ்சுடும். ஆனா ஓடுற பஸ் ஓரளவு வேகமாத்தான் ஓடும். உங்களுக்கு அப்படி இல்ல. பஸ்ஸெல்லாம் இருக்கு. ஸ்டாப்புலதான் தகராறு. கிருமிய அடிக்கறதுக்காக உடம்பு ஆன்டிபாடின்னு ஒண்ணு செய்யும். உங்க உடம்பு செஞ்சது, உங்க ஸ்டாப்புலயே போய் மறியல் பண்ணுது. சில பஸ் லேட்டு. சிலது பாதி வழியிலேயே நின்னுடுது. அதனால கால்லேர்ந்து செய்தி மூளைக்குப் போய்ச் சேரல. பாதம் எங்க இருக்குன்னு கண்ணாலதான் பாக்குறீங்க. கண்ண மூடினா விழுறீங்க."

எந்த ஆன்டிபாடி என்று கண்டுபிடிக்க வெளியூர் லேபுக்கு ரத்தம் அனுப்பினார்கள். முடிவு வர வாரக்கணக்காகும்.

கிளம்பும்போது சொன்னார்: "டூவீலர்கூட ஓட்டாதீங்க. உங்களுக்கு பிரேக் எது, தரை எதுன்னு தெரியாது. நல்லவேளை, பேக்கிங்ல இருக்கீங்க."

"ஆமா மேடம்."

பிப்ரவரி 21

மேடம் நல்லவர். ஆனால் அவர் பஸ் ஓட்டியதில்லை. ஓட்டுவது கண்ணாலும் கையாலும்தான். கால் சும்மா. ஒரு பார்வை குனிந்து பார்த்தால் பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது.

தமயந்தியிடம் வைட்டமின் குறைவு என்று சொல்லியிருக்கிறேன். முருங்கைக்கீரை வாங்கி வந்தாள்.

நான் ஸ்டெடியாகத்தான் இருக்கிறேன்.

மார்ச் 3

ரெஜினா என்று ஒரு பெண். ஒயர் கட்டும் பிரிவில் வேலை. திருமழிசையில் ஏறுவாள். சீட் கிடைக்காமல் எப்போதும் என் பக்கத்தில், இன்ஜின் மூடியில் சாய்ந்து நிற்பாள்.

"அண்ணா, ரோட்டப் பாருங்க. கீழ என்ன விழுந்துடுச்சு?"

"நீ செல்போனப் பாரு. ரோட்ட நான் பாத்துக்கிறேன்."

அவள் செல்போனைப் பார்க்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மார்ச் 9

கம்பெனி கேட்டில் பம்பர் செக்யூரிட்டி கம்பத்தை லேசாகத் தொட்டது. கம்பம் சாய்ந்தது. அதன் மேலிருந்த கேமரா, பூந்தொட்டிகள், "விபத்தில்லா நாட்கள்" என்று எண் போட்டிருந்த பலகை எல்லாம் சேர்ந்து சாய்ந்தன. பலகையில் எண் பெரிதாகத்தான் இருந்தது. நாளையிலிருந்து ஒன்று என்று ஆரம்பிப்பார்கள்.

கேட்டிலேயே ஊதச் சொன்னார்கள். ஜீரோ. இன்னொரு மெஷின் கொண்டுவந்தார்கள். ஜீரோ.

ஷெட்டில் ஏழுமலை அண்ணன் கதவைச் சாத்தினார். மேஜை டிராயரிலிருந்து அச்சடித்த மன்னிப்புக் கடிதம் ஒன்றை எடுத்தார். பெயருக்கும் தேதிக்கும் மட்டும் இடம் விட்டிருந்தது. கத்தை கத்தையாக வைத்திருக்கிறார்.

"எழுதிக் குடு."

"இன்னான்னு?"

"குடிச்சிருந்தேன்னு."

"மெஷின் ஜீரோ காட்டுதே அண்ணா."

"மெஷின் ரிப்பேர்னு நான் எழுதிக்கிறேன். நீ உன்னுத எழுது. இதப் பாருப்பா, குடிச்சவனுக்கு ரூல் இருக்கு. மூணு வாரம் சஸ்பெண்ட், ஒரு முகாம், ஒரு மன்னிப்பு, அப்புறம் மறுபடி சாவி. குடிக்காதவன் கம்பத்தச் சாச்சா அவனுக்கு ரூலே இல்ல. உடம்புல எதுவோ கோளாறுன்னு ஆவும். கோளாறு இருக்கறவனுக்கு எவன் வண்டி குடுப்பான்? இன்னா, உடம்புல எதுனா இருக்கா?"

நரம்பு ரிப்போர்ட் என் பையில்தான் இருந்தது. நான் குடிகாரன் இல்லை என்று மலை மலையாகப் படம் போட்டுச் சாட்சி சொல்லும் ஒரே காகிதம்.

"ஒண்ணும் இல்லண்ணா."

"அப்பக் குடிச்சிருந்த."

கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கியதால் நிஜமான குடிகாரன் போட்ட மாதிரியே வந்தது.

வெளியே வந்தபோது தணிகாசலம் டீ வாங்கி வைத்திருந்தான். "வா பங்காளி. எனக்கே மூணு கடுதாசி ஆயிடுச்சு. உனக்கு இதான் முதல், பதட்டப்படாத." இத்தனை வருடத்தில் இந்த டிரைவர்கள் என்னைத் தங்களில் ஒருவனாக நினைத்தது இன்றுதான்.

மார்ச் 10

விஷயம் வீட்டுக்கு வந்துவிட்டது. தமயந்தியின் அண்ணன் வந்து வாசலில் நின்று கத்தினார். "குடிக்க மாட்டான்னு நம்பித்தானேடா குடுத்தோம்!" அவர் பேசும்போது பீர் நெடி அடித்தது. மாப்பிள்ளைக்குத்தான் அந்தத் தகுதி வேண்டும், மச்சானுக்கு வேண்டாம்.

அவர் போனபிறகு தமயந்தி முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே கேட்டாள்.

"எங்க குடிச்சீங்க?"

"ஷெட்டுக்குப் பின்னாடி."

"எதுல ஊத்திக் குடிச்சீங்க?"

யோசித்தேன். "சொம்புல."

கீரையைக் கீழே வைத்தாள். "ஏங்க, நான் தெனமும் மோந்து பாக்குறேன். ஒரு நாள்கூட நாத்தம் இல்ல. உங்களுக்குக் குடிக்கவும் தெரியல, பொய் சொல்லவும் தெரியல. ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாலும் நான் நிம்மதியா இருப்பேன். வேற என்னமோ இருக்கு."

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

மார்ச் 16

குடி மறப்பு முகாம். டிராவல்ஸ் அனுப்பி வைத்தது. வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் எழுந்து தன் குடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

"நான் குடிக்கிறதில்ல" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆலோசகர் மட்டும் சிரிக்காமல் தலையாட்டினார். "மறுக்கறதுதான் இந்த வியாதியோட முதல் அறிகுறி. பரவால்ல, டைம் எடுத்துக்குங்க."

மத்தியானம் வரை எடுத்துக்கொண்டேன். பிறகு எழுந்து எங்கப்பாவின் கதையை என் கதையாகச் சொன்னேன். வாசற்படியில் விழுந்தது, அம்மாவின் தோட்டை அடகு வைத்தது, எல்லாம். விழுந்த இடத்திலிருந்து "நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்" என்று சொன்னதைச் சொன்னபோது கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் அழுதார். ஆலோசகர் என் தோளைப் பிடித்து, "இப்பதான் நீங்க உண்மை பேசறீங்க" என்றார்.

எழுந்து போகும்போது நாற்காலியில் தடுக்கி விழுந்தேன். யாரும் ஆச்சரியப்படவில்லை.

மார்ச் 28

ரத்த முடிவு வந்துவிட்டது. ஆன்டிபாடி இருக்கிறது. அதன் பெயர் பெயிண்ட் கம்பெனி பெயர் மாதிரி இருந்தது, வாயில் நுழையவில்லை. நஸ்ரின் மேடத்துக்கு சந்தோஷம்.

"பேர் தெரிஞ்சுட்டா பாதி வேலை முடிஞ்சது. இந்த வகைக்குக் குறிப்பா ஒரு மருந்து இருக்கு. ஆஸ்பத்திரில சேர்ந்து டிரிப்ஸ்ல ஏத்திக்கணும். காப்பீட்டுத் திட்டத்துல எழுதிப் போடுறேன். எப்ப அட்மிட் ஆகறீங்க?"

மூன்று வார சஸ்பெண்ட் இன்னும் சில நாளில் முடிகிறது. முடிந்த கையோடு லீவு கேட்டால் மறுபடி சாராயக்கடை என்பார்கள். "அடுத்த மாசம் வரேன் மேடம்."

"தள்ளிப் போடாதீங்க. நாள் ஆக ஆக நரம்புக் கம்பியே தேய ஆரம்பிச்சுடும். அப்புறம் என்ன ஏத்தினாலும் முழுசாத் திரும்பாது. வேலைல மெஷின் எதுவும் இயக்கலையே?"

"அட்டைப்பெட்டி மட்டும்தான் மேடம்."

அதுவரைக்கும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்.

ஏப்ரல் 2

வேலைக்குத் திரும்பினேன். ஊதினேன், ஜீரோ. "பாத்தியா, திருந்திட்டான்!" என்று மற்றவர்களுக்குக் காட்டினார் ஏழுமலை அண்ணன். ஜனவரியில் இதே ஜீரோ சந்தேகமாக இருந்தது. இப்போது சாதனை ஆகிவிட்டது.

ஏப்ரல் 9

மாத்திரையால் முகம் உப்பிவிட்டது. கண்ணுக்குக் கீழே வீங்கி, கன்னம் பளபளக்கிறது. குடிகார முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் இனிமேல் என் போட்டோவைக் காட்டலாம்.

ஏப்ரல் 16

வண்டி கொஞ்சம் நகர்ந்தது. யாருக்கும் ஒன்றும் இல்லை. நான் ஸ்டெடியாகத்தான் இருந்தேன்.

ஏப்ரல் 17

ரெஜினாவுக்குப் புது டிபன் கேரியர் வாங்கிப் போனேன். பழையது நேற்று என் முன் டயருக்குக் கீழே போய்விட்டது. இறங்கினதும் எல்லோரும் வண்டிக்கு முன்னால்தான் குறுக்கே கடப்பார்கள், அது பழக்கம். நேற்று கடைசியாகக் கடந்தவள் அவள். கால் பிரேக் மேல்தான் இருந்தது என்று நினைத்தேன். கண்ணாடியில் பின்னால் ஒரு லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், காலைப் பார்க்கவில்லை. அவள் பையை விட்டுவிட்டு ஒதுங்கித் தாவினாள். கேரியர் தட்டையாகிவிட்டது. தயிர்சாதம் ரோட்டில் கிடந்தது.

அவள் கம்பெனியில் புகார் கொடுக்கவில்லை. புதுக் கேரியரைக் கையில் வாங்கிக்கொள்ளவும் இல்லை.

"நேத்து நான் குடிக்கல ரெஜினா. சத்தியமா."

"தெரியும்ணா. தெனமும் பக்கத்துலதானே நிக்குறேன்." கொஞ்ச நேரம் என் வெறுங்காலைப் பார்த்தாள். "குடிச்சிருந்தாக்கூடப் பரவால்லண்ணா. நாளைக்குத் தெளிஞ்சுடும்."

ஏப்ரல் 18

உடம்பு சரியில்லை என்று போன் செய்தேன். "வண்டிக்கு ஆள் இல்லப்பா, வந்து ஊதிட்டு எடு" என்றார் ஏழுமலை அண்ணன். எடுத்தேன். முதல் கியரிலும் இரண்டாவதிலுமே போனேன். பின்னால் ஹாரன் அடித்தே கொன்றார்கள்.

ரெஜினா ஏறவில்லை. ஷேர் ஆட்டோவில் போனாளாம். அவள் நிற்கும் இடத்தில் வேறு ஒரு பெண் நின்றாள். அவள் செல்போன் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஏப்ரல் 22

கம்பெனியின் பாதுகாப்பு தினம். ஷாமியானா, மைக், ஆளுக்கொரு மைசூர்பாகு. எச்.ஆர். ஷர்மிளா மேடம் என்னை மேடைக்கு அழைத்தார். குடியிலிருந்து மீண்ட ஓட்டுநர் என்று அறிமுகம் செய்து, சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். கீழே தமயந்தி உட்கார்ந்திருந்தாள். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். தணிகாசலம் விசில் அடித்தான். ரெஜினா கைதட்டவில்லை.

அடுத்தது செயல்முறை விளக்கம். வெளிநாட்டில் போலீஸ் குடிகாரர்களைச் சோதிப்பது எப்படி என்று காட்ட வேண்டுமாம். தரையில் சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். குடிக்காதவர் எப்படி நேராக நிற்பார் என்று நான் செய்து காட்ட வேண்டும்.

"முதல்ல ஊதுங்க." ஜீரோ. கைதட்டல்.

"இப்பக் கோட்டுமேல ரெண்டு காலையும் சேர்த்து வச்சு நில்லுங்க." கீழே பார்த்துக்கொண்டே நின்றேன். கைதட்டல்.

"கண்ண மூடிக்குங்க. முடியலன்னா வேணாம், தெறந்துகிட்டே செய்யலாம்."

திறந்துகொண்டே செய்திருக்கலாம். அந்த இடத்தில்தான் ஒரு நிமிஷம் நின்றேன். கீழே அறுபது பேர் என் வண்டியின் ஆட்கள். மைசூர்பாகு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் அவர்களை நான்தான் கொண்டுபோய் விட வேண்டும்.

கண்ணை மூடினேன்.

விழுந்ததில் மைக் ஸ்டாண்டும் விழுந்து கூவியது. எழுந்து உட்கார்ந்து அந்த மைக்கையே எடுத்துச் சொன்னேன். "நான் குடிக்கல. எப்பவுமே குடிச்சதில்ல. எனக்கு நரம்பு வியாதி. கால் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. மூணு மாசமா அப்படித்தான் உங்கள ஏத்திக்கினு போறேன்."

பிறகு எங்கிருந்தோ ஒரு சிரிப்பு, அப்புறம் பந்தல் முழுக்கச் சிரிப்பு. "காலைலயே போட்டுட்டான்டா!"

ஏழுமலை அண்ணன் ஓடி வந்து என் காதருகே குனிந்தார். "கோவர்த்தனா, கால்ல விழுறேன். குடிச்சேன்னு சொல்லிடு. வியாதிக்காரன வச்சு வண்டி ஓட்டுனோம்னா கான்ட்ராக்டே போயிடும். இருபது வண்டி, நாப்பது குடும்பம்பா. குடிச்சேன்னு சொல்லு, அடுத்த மாசம் சாவி தரேன்."

சாவியை அவர் சட்டைப்பையில் போட்டேன்.

சிரிக்காமல் இருந்தவர்கள் இரண்டு பேர். ரெஜினா ஒருத்தி, தமயந்தி ஒருத்தி. தமயந்தி மேடைக்கு ஏறி வந்து என்னைத் தூக்கினாள். இந்தத் தடவை மோந்து பார்க்கவில்லை.

ஏப்ரல் 24

வேலை போய்விட்டது. காரணம்: இரண்டாம் முறை மது அருந்திப் பணிக்கு வந்தது. நரம்பு ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஏழுமலை அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஏதோ பூகம்ப ரிப்போர்ட் மாதிரி இருக்கு" என்று கொடுத்துவிட்டார்.

ஏப்ரல் 26

தமயந்தி கூடவே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "இவர் பஸ் டிரைவர் டாக்டர்" என்றாள்.

நஸ்ரின் மேடம் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்: "எவ்ளோ நாளா ஓட்டினீங்க?"

எவ்வளவு நாளாக என்ற கேள்விக்கு இந்த ஆஸ்பத்திரியில் முதல் தடவையாக என்னிடம் பதில் இருந்தது. சொன்னேன். திட்டினார். நியாயமான திட்டு. இங்கே எழுத முடியாது.

மே 8

காப்பீட்டு ஆபீசில் மறுத்திருந்தார்கள். டிராவல்ஸில் விசாரித்தார்களாம். மன்னிப்புக் கடிதம், முகாமில் நான் பேசிய பேச்சு, பாதுகாப்பு தினத்தில் விழுந்தது எல்லாம் சேர்த்து, குடியால் வந்த நரம்புத் தளர்ச்சி, மருந்து தேவையில்லை என்று எழுதிவிட்டார்கள். எங்கப்பாவின் குடி அவரைக் கொன்றது போதாதென்று என்னையும் பிடிக்க வந்துவிட்டது.

நஸ்ரின் மேடம் அந்த மலைகளையெல்லாம் பிரிண்ட் எடுத்து, வட்டம் போட்டு, குடிகாரன் நரம்பு இப்படி இருக்காது என்று பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினார். அங்கே யாரோ ஒருவர் படித்துப் பார்த்திருக்கிறார். இன்று டிரிப்ஸ் ஏறுகிறது. சொட்டு சொட்டாக. டவுன் பஸ் வேகம்தான்.

ஜூன் 21

வாசலில் நடக்கும்போது சுருக்கென்றது. குனிந்து பார்த்தேன், சின்னச் சரளைக்கல். "தமயந்தி, கல்லு குத்துது!" என்று கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது. அவள் வந்து கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். பக்கத்து வீட்டு அம்மா அடுத்த வீட்டு அம்மாவிடம், "மறுபடி ஆரம்பிச்சுட்டான்" என்றார்.

ஜூலை 6

வேலை கிடைத்துவிட்டது. ஷர்மிளா மேடம் போன் செய்தார். வழி தவறியவர்களுக்கு மறுவாய்ப்பு என்று கம்பெனியில் ஒரு திட்டமாம். போட்டோ எடுக்க ஒரு ஆள் தேவை. கேட்டில் உட்கார்ந்து, வரும் டிரைவர்களை ஊத வைக்கும் வேலை.

"மேடம், நான் குடிகாரன் இல்ல."

"அந்த உறுதிதான் கோவர்த்தனன் எங்களுக்கு வேணும்."

நரம்பு ரிப்போர்ட்டைக் காட்டி ஊர் முழுக்க வேலை கேட்டேன். எவனும் கொடுக்கவில்லை. குடிகாரன் சான்றிதழுக்கு வீடு தேடி வருகிறது. உட்கார்ந்து செய்யும் வேலைதான், செய்யலாம் என்று நஸ்ரின் மேடமும் சொன்னார்.

ஜூலை 15

முதல் நாள். நாற்காலி, மேஜை, மெஷின். எல்லோரும் என்னிடம் ஊதினார்கள். ரெஜினா கேட்டைக் கடக்கும்போது என் காலைப் பார்த்தாள். செருப்பு போட்டிருந்தேன். சிரித்துவிட்டுப் போனாள். இப்போது எந்த வண்டியில் வருகிறாய் என்று கேட்டேன். தணிகாசலம் அண்ணன் வண்டி என்றாள்.

ஜூலை 27

மழை. தணிகாசலம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினான். கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

"எப்படி இருக்க பங்காளி? நான் விட்டுட்டேன் தெரியுமா? உன்னப் பாத்துத்தான். சாமி சத்தியமா ரெண்டு மாசமாத் தொடல."

ஊதினான். ஜீரோ. நிஜமான ஜீரோ. அவன் வாயிலிருந்து அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. கை குலுக்க எழுந்தேன். அப்போதுதான் கீழே பார்த்தேன். வெறுங்கால். பெருவிரலில் ஒரு புண், ரத்தம் மழைத் தண்ணீரில் ஓடியது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை.

"செருப்பு எங்க தணிகாசலம்?"

"கசகசன்னு இருக்குப்பா. வெயிலு."

குடியால் பஸ் எண்ணிக்கையே குறைந்துவிடும் என்று மேடம் சொன்ன வகை இதுதான். இதற்கு டிரிப்ஸ் கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் வண்டி நிறைய ஆட்கள். இன்ஜின் மூடியில் சாய்ந்து ரெஜினா நின்றுகொண்டிருந்தாள்.

"காலச் சேர்த்து வச்சு நில்லு. கண்ண மூடு."

"எதுக்கு பங்காளி? ஜீரோதானே காட்டுது?"

"மூடு."

மூடினான். நான் தயாராகத்தான் இருந்தேன். விழுவதற்குள் பிடித்துவிட்டேன். ஆள் பாரம். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமலேயே மெதுவாகச் சொன்னான்:

"பங்காளி, குடிச்சிருக்கேன்னு போட்டுக்கோயேன்."

அவன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டேன்.